சத்தமில்லாமல் போகும் தண்ணீர்: குளியலறைக் கசிவை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டில் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துபோனால் முதலில் திட்டு வாங்குவது ஷவரில் அதிக நேரம் நிற்கும் பிள்ளைதான். அடுத்தது பாத்திரம் தேய்க்க வருபவர். ஃப்ளஷ் டேங்கை யாரும் திட்டுவதில்லை. ஆனால் கணக்குப் போட்டால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான்.

ஒரு ஃப்ளஷ் டேங்கிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, கோப்பைக்குள் வழிகிறது என்று வையுங்கள். கோப்பையின் உள்சுவரை ஒட்டி மெல்லிய படலமாக இறங்குவதால் கண்ணுக்கே தெரியாது. அதுவே ஒரு நாளில் 144 லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் மத்திய அரசின் குடிநீர்த் திட்டக் கையேட்டில் இருக்கும் அளவு. வாடகை தராமல் ஒருவர் கூடுதலாகக் குடியிருப்பது மாதிரி இது.

சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. அதனால் கசிவு தண்ணீர் பில்லில் தெரியாது. மோட்டார் அடிக்கடி ஓடுவதிலும், கரண்ட் பில்லிலும், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் இடைவெளி குறைவதிலும்தான் தெரியும். அங்கிருந்து பின்னோக்கிப் போய் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே இருப்பது அந்த வரிசை. உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

முதலில்: ஓர் இரவுச் சோதனை

எல்லோரும் படுத்த பிறகு மோட்டாரை நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரியில் தானாக டேங்கை நிரப்பிச் சோதனையைக் கெடுத்துவிடும். மொட்டை மாடி டேங்கின் மூடியைத் திறந்து, ஒரு நீளமான பிவிசி குழாயையோ கம்பையோ அடிவரை விட்டு, நனைந்த இடத்தில் குறி போட்டுக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள்.

நீர்மட்டம் இறங்கியிருந்தால் எத்தனை லிட்டர் போனது என்று கணக்கிடலாம். சிமென்ட் டேங்க் என்றால் உட்புற நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கி, வருவதைப் பத்தால் பெருக்குங்கள். ஒரு சென்டிமீட்டர் இறக்கத்துக்கு அத்தனை லிட்டர். 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் டேங்க் என்றால் 30 லிட்டர். வட்டமான பிளாஸ்டிக் டேங்குக்கு ஒரு கயிற்றைச் சுற்றிச் சுற்றளவு பாருங்கள். 3.3 மீட்டர் வந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய எட்டரை லிட்டர்.

ராத்திரியில் இரண்டொருவர் எழுந்து கழிவறைக்குப் போயிருப்பார்கள். அதற்கு ஒரு முறைக்கு ஆறு முதல் பத்து லிட்டர் வரை கழித்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் கசிவு.

மறுநாள் இரவு அதே சோதனையைச் செய்யும்போது குளியலறைக்குப் போகும் கேட் வால்வை மூடிவிடுங்கள். மட்டம் நகரவில்லை என்றால் கசிவு அந்த வால்வுக்குப் பிறகுதான். வால்வு பல வருஷமாகத் தொடப்படாமல் உப்புப் பிடித்து இறுகிக் கிடந்தால் பலம்கொண்ட மட்டும் திருகாதீர்கள், தண்டு உடைந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தால் அது வேறு கதை. அதற்குப் பதில் குளியலறைக்குள் இருக்கும் ஆங்கிள் காக்குகளை, அதாவது டேங்க், வாஷ்பேசின் போன்றவற்றுக்குத் தண்ணீர் போகுமிடத்தில் சுவரில் இருக்கும் சின்ன அடைப்பு வால்வுகளை, ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள்.

அறிகுறி: டேங்க் இறங்குகிறது, ஆனால் எங்கும் ஈரமும் இல்லை, சத்தமும் இல்லை

ஃப்ளஷ் டேங்கிலிருந்து தொடங்குங்கள். துணிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதில் ஐந்தாறு துளியை ஃப்ளஷ் டேங்குக்குள் விட்டு, பதினைந்து இருபது நிமிடம் யாரும் கழிவறைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரும் போதும். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. பார்த்தவுடன் ஒரு முறை ஃப்ளஷ் செய்துவிடுங்கள், கறை நிற்காது.

பீங்கான் டேங்காக இருந்தால் மூடியை எடுத்துத் தரையில் ஒரு துணி விரித்து அதன்மேல் வையுங்கள். வாஷ்பேசின் விளிம்பில் வைத்தால் வழுக்கி விழும். மூடி மட்டும் தனியாக எந்தக் கடையிலும் கிடைக்காது.

கசிவு இருக்கிறது என்று தெரிந்தாலும் அது மேலேயா கீழேயா என்பதைப் பிரித்தாக வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் தேவையில்லாமல் முழு செட்டையும் மாற்றிவிடுகிறார்கள். டேங்குக்குப் போகும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, உட்சுவரில் நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அடியில் இருக்கும் ஃப்ளஷ் வால்வின் ரப்பர் சரியாக உட்காரவில்லை. தண்ணீர் அப்படியே நின்றால் ரப்பரில் குறை இல்லை. தண்ணீர் உள்ளே வரும் வால்வு முழுதாக அடைபடாமல், மட்டம் கூடிக்கொண்டே போய், நடுவில் இருக்கும் வழிவுக் குழாயின் வாய் வழியாகக் கோப்பைக்குள் போகிறது. முதலாவதற்கு ரப்பரைப் பாருங்கள், இரண்டாவதற்கு மிதவையைப் பாருங்கள்.

ரப்பர்: இப்போதைய டேங்குகளில் நடுவில் நிற்கும் தூண் போன்ற பாகத்தை இடப்பக்கமாகக் கால் திருப்பு திருப்பினால் கையோடு வந்துவிடும். அதன் அடியில் ஒரு வளையம் இருக்கும். சென்னையின் புறநகர்களில், அதிலும் போர் தண்ணீர் மட்டுமே வரும் வீடுகளில், அந்த ரப்பர் கெட்டுப்போயிருக்காது, அதன்மேல் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும், அவ்வளவுதான். பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். ரப்பர் உட்காரும் பிளாஸ்டிக் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். மணல்மாதிரி நெருடினால் அதையும் தேய்த்துவிடுங்கள். பல வளையங்களைத் திருப்பிப் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் வரும். தொட்டால் கையில் கறுப்பாக ஒட்டுகிறது, அல்லது விறைத்துப்போயிருக்கிறது என்றால் புதிது வாங்குங்கள். பழையதைக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். அளவு சொல்லி வாங்கினால் பொருந்தாது. கடைக்காரர் முழு செட்டையும் எடுத்து முன்னால் வைப்பார். ரப்பர் மட்டும் கேளுங்கள், நிறைய மாடல்களுக்குக் கிடைக்கும்.

டேங்குக்குள் போடும் நீல மாத்திரைகளில் குளோரின் வகை இருந்தால் ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். வாசனைக்காக அதைப் போட்டுவிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரப்பர் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிதவை: நீர்மட்டம் வழிவுக் குழாயின் வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். பழைய பித்தளைக் கம்பியும் பிளாஸ்டிக் பந்துமாக இருந்தால் கம்பியைக் கொஞ்சம் கீழ்ப்பக்கமாக வளைத்துவிடுங்கள், தண்ணீர் முன்னதாகவே நின்றுவிடும். பந்தைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். உள்ளே களகளவென்றால் பந்தில் ஓட்டை, அது இனி மிதக்காது. புது மாடல்களில் மிதவையின் பக்கத்தில் ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகி மட்டத்தைக் குறைக்கலாம். குறைத்த பிறகும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் வால்வின் நுழைவாயில் இருக்கும் சின்ன வலையில் மண்ணோ உப்போ சிக்கியிருக்கும். ஆங்கிள் காக்கை மூடி, குழாயைக் கழற்றி, வலையைக் கழுவிப் பொருத்துங்கள்.

சுவருக்குள் புதைத்த டேங்க் வைத்திருப்பவர்கள் "எங்களுடையதைத் திறக்கவே முடியாது" என்று விட்டுவிடுவார்கள். பட்டன் பொருத்திய முன்தகட்டை மேல்நோக்கித் தூக்கினாலோ கிளிப்பை விடுவித்தாலோ வந்துவிடும். பராமரிப்புக்கான வழியே அதுதான். உள்ளே ஒரு சின்ன அடைப்பு வால்வும் இருக்கும். சோதனைகள் எல்லாம் மேலே சொன்னவைதான்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். 50 வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். மேலே சொன்ன அளவில் பதினேழாயிரத்துச் சொச்சம் ஃப்ளஷ் டேங்குகள் கசிந்தால் போதும், அந்த ஒரு ரயில் தண்ணீர் ஒரே நாளில் சாக்கடைக்குப் போய்விடும்.

அறிகுறி: ஒரு தடவை ஃப்ளஷ் செய்தால் போவதில்லை

இரண்டு தடவை அழுத்தினால் சிக்கனம் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. பெரும்பாலும் சிக்கனம் செய்யப் போய்த்தான் இந்தச் சிக்கல் வருகிறது. டேங்குக்குள் தண்ணீர் பாட்டில் போட்டு வைக்கச் சொல்லும் யோசனை பத்து லிட்டர் பழைய டேங்குகளுக்கானது. அதிலும் ஒரு லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பி, மிதவையில் இடிக்காத மூலையில் வைக்க வேண்டும். செங்கல் போட்டால் கரைந்து, அந்தத் தூள் ரப்பருக்கு அடியில் போய் உட்காரும், கசிவு ஆரம்பிக்கும். மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என்று இரண்டு பட்டன் உள்ள புது டேங்கில் எதையும் போடாதீர்கள். அந்தக் கோப்பையே ஆறு லிட்டருக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. பாட்டில் இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள்.

பாட்டில் இல்லாமலே போகவில்லை என்றால் கோப்பையின் விளிம்புக்கு அடியில் இருக்கும் துளைகளை ஒரு சின்னக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீர் வீடுகளில் பாதித் துளைகள் அடைத்திருக்கும். வினிகரில் நனைத்த டிஷ்யூ பேப்பரை விளிம்பு முழுக்கத் திணித்து இரவு முழுக்க விட்டு, காலையில் பிரஷ்ஷால் தேயுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்தும் பயன்படுத்தலாம். தெருவில் விற்கும் ஆசிட்டை ஊற்றுவது இங்கே எல்லோர் வீட்டு வழக்கமும்தான், ஆனால் அது குரோம் பூச்சையும் சேர்த்து அரித்துவிடும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றை ஊற்றிய இடத்தில் மற்றதைக் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொரு காரணம், பழைய கோப்பைக்குப் புது டேங்க். முன்காலத்துக் கோப்பைகள் பத்து லிட்டர் தள்ளுவதற்கென்று வளைத்தவை. டேங்கை மட்டும் ஆறு லிட்டராக மாற்றினால் மீதியை வாளியால் ஊற்ற வேண்டியதுதான். மாற்றுவதானால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், அல்லது பழைய டேங்கையே சரி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டனை அழுத்தினால் பாதியில் நின்றுவிடுகிறது என்றால், பட்டனின் கம்பி ஃப்ளஷ் வால்வை முழுதாகத் தூக்கவில்லை. கம்பியின் நீளத்தை ஸ்க்ரூவில் சரிசெய்தால் போதும்.

அறிகுறி: குழாய் சொட்டுகிறது

இது காதில் விழுவதால் எல்லோரும் கவனிப்பார்கள். எவ்வளவு போகிறது என்று ஊகிக்க வேண்டாம், அடியில் ஒரு லிட்டர் மக் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் நாளைக்கு 24 லிட்டர். நான்கு மணி நேரம் ஆனால் ஆறு லிட்டர். அதிகமாகச் சொட்டும் குழாய்க்கு முதலில் போங்கள்.

எங்கே சொட்டுகிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும். மூடிய பிறகு வாயிலிருந்து சொட்டினால் உள் வாஷர் தேய்ந்திருக்கிறது. பல சுற்றுத் திருகும் பழைய மாடலாக இருந்தால் தண்ணீரை நிறுத்தி, தலையைக் கழற்றி, ஸ்பிண்டில் என்ற உள்தண்டின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றினால் முடிந்தது. கால் திருப்பில் திறக்கும் புது மாடலில் வாஷர் கிடையாது, உள்ளே இரண்டு செராமிக் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும். நடுவில் ஒரு மணல் சிக்கினாலும் கீறல் விழும். அதற்கு ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும், பழையதைக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

கைப்பிடியின் கழுத்தில் கசிந்தால், அதுவும் திறந்திருக்கும்போது மட்டும் கசிந்தால், உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோ, தண்டைச் சுற்றி இறுக்கும் கிளாண்டோ தளர்ந்திருக்கிறது. சுவரை ஒட்டிக் கசிந்தால் டெஃப்லான் டேப் பிய்ந்திருக்கும். குழாயைக் கழற்றி, மரையில் டேப்பை வலஞ்சுழியாகச் சுற்றி மறுபடி பொருத்த வேண்டும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் திருகத் திருக டேப் பிரிந்து வந்துவிடும்.

சொட்டுகிறதே என்று இறுக்கி இறுக்கி மூடுவது வாஷரை இன்னும் சீக்கிரம் நசுக்கும். வீட்டில் வயதானவர்களுக்கு அந்த இறுக்கிய குழாயைத் திறக்கக் கை வலிக்கும், அதனால் அவர்கள் முழுதாக மூடாமலே விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, வாஷரை மாற்றுங்கள்.

அறிகுறி: ஹெல்த் பாசெட்டிலிருந்து (கழிவறையில் கழுவும் கைக்குழாய்) ஈரம்

முனையிலிருந்து சொட்டினால் உள்ளிருக்கும் ரப்பர், குழாயின் இரு முனைகளிலும் கசிந்தால் வாஷர். இதெல்லாம் சின்ன வேலை. பெரிய ஆபத்து வேறு. ஹெல்த் பாசெட்டின் குழாய் நாள் முழுக்க அழுத்தத்திலேயே நிற்கிறது. வெளியே பளபளவென்று இருக்கும் எஃகுச் சுருளுக்குள் இருப்பது மெல்லிய ரப்பரோ பிவிசியோதான். அது ஒருநாள் வெடித்தால் மேலே இருக்கும் டேங்க் முழுதும் காலியாகும்வரை நிற்காது. ஆட்டோமேட்டிக் மோட்டார் இருந்தால் சம்பும் சேர்ந்து காலியாகும்.

பயன்படுத்தி முடித்தவுடன் ஆங்கிள் காக்கை மூடும் பழக்கம் இதற்கு ஒரே மருந்து. அது நடக்காது என்று தெரிந்தால், ஊருக்குப் போகும்போதாவது மூடிவிட்டுப் போங்கள். மோட்டார் கன்ட்ரோலரையும் அணைத்துவிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து கீழ்வீட்டுக்காரரிடம் விளக்கம் சொல்லும் நிலை யாருக்கும் வேண்டாம்.

அறிகுறி: கசிவே இல்லை, ஆனால் குளியலுக்கு மட்டும் எக்கச்சக்கமாகப் போகிறது

முதலில் அளந்து பாருங்கள். ஷவருக்கு அடியில் பத்து லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 50 விநாடி என்றால் 12 லிட்டர். அதில் எட்டு நிமிடம் நின்றால் 96 லிட்டர். வாளியில் குளிப்பவருக்கு ஒன்று, ஒன்றரை வாளி போதும், அது இருபது முப்பது லிட்டருக்குள் முடிந்துவிடும். அதற்காக ஷவர் கெட்டது, வாளி நல்லது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. மொட்டை மாடி டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீரில் ஷவர் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்தான் தரும் வீடுகளும் நிறைய உண்டு. அங்கே சீக்கிரம் குளிப்பவருக்கு ஷவரே மேல்.

தண்ணீர் சேமிக்கும் ஷவர் என்று விளம்பரம் பார்த்து வாங்குவதற்கு முன் இதைக் கவனியுங்கள். அந்தப் பெட்டியில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் 3 பார் அழுத்தத்துக்கானது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். டேங்கின் நீர்மட்டம் உங்கள் ஷவருக்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். அந்த வீட்டில் புது ஷவரை மாட்டினால் தலை நனையவே நேரமாகும், ஆள் கூடுதலாக நிற்பார், மிச்சம் எதுவும் இருக்காது. மேல் மாடி வீட்டுக்கு இந்தச் செலவு வேண்டாம். ஷவர் துளைகளில் அடைத்த உப்பை வினிகரில் ஊறவைத்து எடுத்தாலே போதும்.

அடுக்குமாடியின் கீழ்த்தளங்களிலும் பிரஷர் பம்ப் வைத்த வீடுகளிலும் நிலைமை நேரெதிர். குழாயைத் திறந்தால் வாஷ்பேசினைத் தாண்டித் தெறிக்கும். அங்கே ஏரேட்டர் நன்றாக வேலை செய்யும். வாஷ்பேசின் குழாயின் வாயில் திருகும் சின்ன வலை அது, தண்ணீரோடு காற்றைக் கலந்துவிடும், கை கழுவும்போது வித்தியாசம் தெரியாது. 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது அந்த ஊர்க் குடிநீர் வாரியம் வணிக நிறுவனங்கள், அடுக்குமாடிகள் போன்றவற்றில் ஏரேட்டரைக் கட்டாயமாக்கியது. வாளி நிரப்பும் குழாய்க்கு ஏரேட்டர் போடாதீர்கள், வாளிக்கு வேண்டிய தண்ணீர் மாறப்போவதில்லை, நிரம்பத்தான் நேரமாகும்.

ஏரேட்டர் வாங்கவும் நேரமில்லை என்றால் வாஷ்பேசின் அடியில் இருக்கும் ஆங்கிள் காக்கைப் பாதி மூடிவிடுங்கள். காசில்லாத வைத்தியம்.

அறிகுறி: வெந்நீர் வரும்வரை தண்ணீர் வீணாகிறது

கீசரிலிருந்து குழாய் வரை நிற்கும் பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் வெந்நீர் வரும். முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கும். பத்து மீட்டர் தள்ளி கீசர் இருந்தால் ஒவ்வொரு முறையும் குறைந்தது இரண்டரை லிட்டர், குழாயைச் சூடாக்கப் போவது தனி. இருக்கும் வீட்டில் இதற்கு வாளிதான் வழி. முதலில் வருவதைப் பிடித்து விளாவிக்கொள்ளுங்கள். புதிதாக வீடு கட்டுபவர்கள் கீசரைக் குளிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள், அரை அங்குலக் குழாய் போடச் சொல்லுங்கள்.

கீசரின் பக்கவாட்டு வால்விலிருந்து தண்ணீர் சூடாகும்போது மட்டும் சில சொட்டு விழுந்தால் அது இயல்பு, சூட்டில் தண்ணீர் விரிகிறது. அணைத்த பிறகும் நிற்காமல் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும், அல்லது அழுத்தம் அதிகம். எந்தக் காரணத்துக்காகவும் அந்த வால்வின் வாயை அடைக்காதீர்கள். கீசர் வெடிக்காமல் இருப்பதற்காகவே வைத்தது அது.

அறிகுறி: பிரஷர் பம்ப் நடுராத்திரியில் தானாக ஓடி நிற்கிறது

எங்கோ கசிகிறது, அழுத்தம் குறைந்ததும் பம்ப் ஓடி ஈடுகட்டுகிறது. எல்லா ஆங்கிள் காக்கையும் மூடிவிட்டுக் கேளுங்கள். பம்ப் அமைதியானால் ஒவ்வொன்றாகத் திறந்து, எதைத் திறந்தபோது மறுபடி ஓடுகிறது என்று பாருங்கள். எல்லாம் மூடியும் ஓடினால் சுவருக்குள் போகும் குழாயிலோ, பம்பின் ஒருவழி வால்விலோ குறை. அது பிளம்பர் வேலை.

அறிகுறி: சுவரில் ஈரம், அல்லது கீழ்வீட்டுக் கூரையில் கறை

உடைக்கக் கிளம்புவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளுங்கள்: ஈரம் எப்போதும் இருக்கிறதா, குளித்த பிறகு மட்டும் கூடுகிறதா? எப்போதும் இருந்தால் தண்ணீர் வரும் குழாயில் கசிவு, இதில் தண்ணீர் வீணாகிறது. குளித்த பிறகு மட்டும் என்றால் கழிவு நீர் போகும் குழாயிலோ டைல்ஸ் இடுக்கிலோ ஓட்டை, இதில் வீணாவது சுவர்.

உறுதி செய்ய வேண்டும் என்றால் ஒரு நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல், ஆனால் தண்ணீரை நிறுத்தாமல் வையுங்கள். ஈரம் காயத் தொடங்கினால் கழிவுப் பக்கம். காயவில்லை என்றால் மறுநாள் கேட் வால்வையும் மூடிப் பாருங்கள். தரையைச் சந்தேகித்தால் வடிகால் வாயைத் துணி வைத்து அடைத்து, ஓரங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திக் கீழ்வீட்டில் பார்க்கலாம். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிளம்பர் வந்தவுடன் டைல்ஸ் உடைக்க உளியை எடுத்தால், இந்தச் சோதனைகளின் முடிவைச் சொல்லி நிறுத்துங்கள். சுவரில் எந்த அடி உயரத்தில் உடைக்க வேண்டும் என்பதையாவது தெரிந்து உடைக்கட்டும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் போதவில்லை என்றால்

இப்போது பழக்கங்களைப் பேசலாம். அந்த 135 லிட்டரில் 45 லிட்டர் ஃப்ளஷ் செய்வதற்கே என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆக நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்கத் தோதான இடம் அதுதான். ஆர்ஓ இயந்திரம் ஒரு லிட்டர் சுத்தம் செய்ய அதைவிட அதிகத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அதன் கழிவுக் குழாயை ஒரு வாளியில் விட்டு, கழிவறைக்கு ஊற்றுங்கள். உப்பு அதிகம் என்பதால் செடிக்கு வேண்டாம், கழிவறைக்குக் கேடில்லை. வாஷிங் மெஷின் கடைசி அலசலில் வெளியேறும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் குளியலறைத் தரை கழுவ அதுவே போதும், சோப்பும் மிச்சம். இவற்றை டேங்குக்குள் ஊற்றாமல் நேராகக் கோப்பையில் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். சோப்பு நுரையும் நூல் பிசிறும் டேங்குக்குள் போனால், சுத்தம் செய்து வைத்த ரப்பரில் மறுபடி அழுக்குச் சேரும்.

பல் தேய்க்கும்போது குழாயை மூடச் சொல்வது, ஷேவிங்குக்கு ஒரு மக் தண்ணீர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. பிள்ளைகளிடம் சொல்வதைவிட வாளிச் சோதனையை அவர்களையே செய்யச் சொல்லுங்கள், விநாடியை எண்ணிக் கணக்குப் போடுவது அவர்களுக்குப் பிடிக்கும்.

இரவுச் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பச் செய்யுங்கள். தை மாதத்தில் ஒன்று செய்துவிட்டால், சித்திரையில் கிணறும் போரும் இறங்குவதற்கு முன் ரப்பர் வாங்கி மாற்ற அவகாசம் இருக்கும். உங்கள் மாடலுக்கான ஃப்ளஷ் ரப்பர் ஒன்று, அரை அங்குல வாஷர் நாலைந்து, ஒரு டெஃப்லான் டேப், ஒரு ஸ்பானர் ஆகியவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒழுக ஆரம்பித்தால் கடையும் இருக்காது, பிளம்பரும் போன் எடுக்கமாட்டார்.